ஏரிக்கரையில் ஒரு பாதை: ரொறன்ரோ அதை எப்படித் திருத்துகிறது?

2009 மே 10ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாலை, ரொறன்ரோ நகரின் கார்டினர் அதிவேக நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஏறி அமர்ந்தார்கள். முதியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நள்ளிரவு வரை நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்தது. அந்தப் படங்களை நம்மில் பலர் பின்னர்தான் பார்த்தோம். படங்களில் தெரியாத ஒன்று, அந்த நெடுஞ்சாலைக்குத் தெற்கே சில நூறு மீற்றர் தொலைவில் ஒன்ராறியோ ஏரியின் கரையோரமாகப் போகும் நடை, சைக்கிள் பாதை. மார்ட்டின் குட்மன் பாதை என்று அதற்குப் பெயர்.

கடந்த கோடையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரங்களில் அந்தப் பாதையைப் பகுதி பகுதியாக நடந்து பார்த்தேன். பெரும்பாலான நாட்களில் மாமாவும் கூட வந்தார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 இல் போனது. செயற்கைக் காலுடன் நடப்பவர் பாதையைப் பார்க்கும் விதமே வேறு. நான் ஏரியைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர் பார்த்ததைப் பற்றியது. ஒரு பொதுப் பாதை எதனால் பழுதாகிறது, எப்படித் திருத்தப்படுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், யார் விடுபட்டுப்போகிறார்கள் என்பதையே விளக்க முயல்கிறேன். இவை வெறும் கனேடியக் கேள்விகள் அல்ல. நமது குளக்கட்டுகளிலும் வாவிக் கரைகளிலும் ‘நடைபாதை அமைக்கும் திட்டம்’ என்ற பெயர்ப்பலகைகள் நாட்டப்படும் காலம் இது.

பாதை எங்கிருந்து வந்தது?

இந்தப் பாதை 1984 இல் திறக்கப்பட்டது. ரொறன்ரோ நகரமாகி 150 ஆண்டுகள் நிறைந்த வருடம் அது. ‘ரொறன்ரோ ஸ்ரார்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்து இளவயதிலேயே புற்றுநோயால் இறந்த மார்ட்டின் குட்மனின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. மேற்கே ஹம்பர் ஆற்றுப் பாலத்திலிருந்து கிழக்கே ரூஜ் ஆறு வரை 56 கிலோமீற்றர் நீளம் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. ஏரியைச் சுற்றிப் பல நகரங்களை இணைக்கும் பெரிய ஏரிக்கரைப் பாதை ஒன்றின் ரொறன்ரோப் பகுதி இது.

ஒரு பெரிய நகரத்தின் விலைமதிப்புள்ள நீர்க்கரையில் இவ்வளவு நிலம் எப்படிப் பொதுநிலமாகத் தங்கியது? இதற்கு ஒரு காரணம் ஓர் அழிவு. 1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ‘ஹேசல்’ சூறாவளி ஒன்ராறியோவைத் தாக்கியது. 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரம் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகு வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. அங்கிருந்த காணிகளை அரசு வாங்கியது. அந்தப் பணியைச் செய்யவும் கரைகளைப் பாதுகாக்கவும் 1957 இல் ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபை உருவாக்கப்பட்டது. குடியிருக்க முடியாது என்று தீர்மானிக்கப்பட்ட நிலம் எல்லோரும் நடக்கும் பூங்காவாக மாறியது. இன்று ஹம்பர் ஆற்றோரம் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால், அவர்கள் போகும் நிலம் வெறுமையாக இருப்பதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

கரையின் இன்னொரு பகுதி மனிதர் உருவாக்கியது. நகரின் நடுப்பகுதியில் இன்று ஏரியிலிருந்து பல நூறு மீற்றர் உள்ளே இருக்கும் ஃப்ரொன்ட் வீதிதான் ஒரு காலத்தில் ஏரிக்கரை. அதற்குத் தெற்கே உள்ள நிலம் முழுவதும் நிரப்பப்பட்டது. கிழக்கே லெஸ்லி வீதியின் முனையிலிருந்து ஏரிக்குள் சுமார் 5 கிலோமீற்றர் நீளும் நிலநாக்கு, நகரில் இடிக்கப்பட்ட கட்டடங்களின் கொன்கிறீட், செங்கல் இடிபாடுகளாலும் துறைமுகத்தில் தோண்டிய மண்ணாலும் ஆனது. அதன் ஓரத்தில் அலையால் உருண்டையாகத் தேய்ந்த செங்கற்களை இன்றும் கையில் எடுக்கலாம். இப்போது அங்கே மரங்களும் நூற்றுக்கணக்கான வகைப் பறவைகளும் உள்ளன.

எது பாதையை உடைக்கிறது?

மேலே பார்த்தால் அது ஒரு தார்ப் பாதைதான். நடுவில் மஞ்சள் கோடு. ஆனால், பாதையின் ஆயுளைத் தீர்மானிப்பது தாருக்குக் கீழே உள்ளது. இறுக்கப்பட்ட மண்ணுக்கு மேல் உடைகல் படை, அதற்கு மேல்தான் தார். உடைகல் படையின் வேலை இரண்டு: சுமையைப் பரப்புவது, தண்ணீரை வடிய விடுவது. தண்ணீர் வடியாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல தாரைப் போட்டாலும் அது நீண்ட நாள் நிற்காது.

அங்கே முதல் எதிரி உறைபனி. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சுமார் 9 வீதம் விரிகிறது. தாரில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் அதற்குள் தண்ணீர் இறங்கும். இரவில் உறைந்து வெடிப்பை அகலமாக்கும். பகலில் உருகும். அகன்ற வெடிப்புக்குள் இன்னும் அதிகம் தண்ணீர் இறங்கும். ஒரு குளிர்காலத்தில் இது பல தடவை நடக்கிறது. அதனால்தான் வசந்தகாலத்தில் குழிகள் திடீரெனத் தோன்றியதுபோல் தெரிகின்றன. உண்மையில் அவை மாதக்கணக்கில் உருவானவை.

இரண்டாவது எதிரி வேர். ஏரிக்கரையில் நிற்கும் பொப்லர், வில்லோ மரங்களின் வேர்கள் ஈரத்தையும் காற்றையும் தேடி உடைகல் படைக்குள் புகுந்து தாரை மேலே தூக்குகின்றன. சைக்கிளில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல். மாமாவுக்கு அது வேறு. ‘குழியை நான் தூரத்திலயே கண்டுடுவன் பிள்ளை. இந்த வேர்ப் புடைப்புத்தான் தெரியாது. நிழலுக்குள்ள கிடக்கும்’ என்றார். செயற்கைப் பாதத்துக்குத் தரை உணர்ச்சி இல்லை. இரண்டு சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் விழுத்தப் போதும்.

வேர்களுக்கு எளிய தீர்வு மரத்தை வெட்டுவது. ஆனால், நிழல் போனால் கோடையில் நடப்பவர்களும் போய்விடுவார்கள். அதனால் பாதையைச் சற்று விலக்கி அமைப்பது, வேர்த் தடுப்புகளை மண்ணுக்குள் இறக்குவது, நடைபாதைக்குக் கீழே இறுக்கப்படாத மண்ணைக் கொண்ட கூடுகளை வைத்து வேர் மேலே வராமல் கீழேயே வளர இடம் கொடுப்பது போன்ற முறைகள் உள்ளன. நகர நடுவில் குயின்ஸ் கீ என்ற வீதியில் இந்தக் கடைசி முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவது எதிரி ஏரியே. 2017 மே மாதக் கடைசியில் ஒன்ராறியோ ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 75.9 மீற்றரை எட்டியது. 1918 முதல் பேணப்படும் பதிவுகளில் அதுவரை அப்படி ஒரு மட்டம் இருந்ததில்லை. நகரின் எதிரே உள்ள தீவுப் பூங்கா ஜூலை கடைசி வரை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. கடற்கரைகள் போன்ற மணற்பரப்புகளும் கரையோரப் பலகைப் பாதையின் பகுதிகளும் நீருக்குள் போயின. ‘நூறாண்டுக்கு ஒரு தடவை’ என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். இரண்டே வருடங்களில், 2019 இல், நீர்மட்டம் இன்னும் உயர்ந்து அந்தப் பதிவை முறியடித்தது.

இந்த ஏரியிலிருந்து வெளியேறும் நீரை கோர்ன்வோல் நகருக்கு அருகிலுள்ள அணை ஒன்று கட்டுப்படுத்துகிறது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்த ஆணைக்குழு ஒன்று எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்கிறது. ‘ஏன் முன்னரே திறக்கவில்லை?’ என்று கரையில் இருந்தவர்கள் கோபத்துடன் கேட்டார்கள். அதே வசந்தத்தில் ஒட்டாவா ஆறும் பெருக்கெடுத்து, கீழே மொன்றியல் பகுதி ஏற்கெனவே வெள்ளத்தில் இருந்தது. மேலே திறந்தால் கீழே இன்னும் வீடுகள் மூழ்கும். பின்னர் விநாடிக்கு 10,400 கன மீற்றர் வரை திறந்துவிட்டார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் பற்றிக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கேட்கப்பட்ட கேள்விகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்வது எங்கும் கடினம். வித்தியாசம், தீர்மானத்தின் காரணமும் கணக்கும் பகிரங்கமாக முன்வைக்கப்படுகின்றனவா என்பதில்தான் இருக்கிறது.

வெள்ளத்துக்குப் பிறகு பாதையைத் திருத்துவது என்றால் பழைய இடத்தில் பழையபடி தார் போடுவது அல்ல. அலை அரித்த கரைக்குப் பெரிய பாறைகளை அடுக்க வேண்டும். பாறைகளுக்குப் பின்னால் மண் கழுவிச் செல்லாமல் சிறு கற்படையும் வடிதுணியும் வேண்டும். தாழ்ந்த இடங்களில் பாதையையே உயர்த்த வேண்டும் அல்லது பின்தள்ள வேண்டும். இதைச் செய்யாமல் மேற்பரப்பை மட்டும் திருத்தினால் அடுத்த வெள்ளம் அந்தப் பணத்தையும் கொண்டுபோய்விடும்.

நடப்பவரும் சைக்கிளும்

பாதை உடைவதைவிடப் பெரிய பிரச்சினை, பாதையில் போகிறவர்கள் ஒருவரோடொருவர் மோதுவது. நடப்பவர் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றர் வேகத்தில் போகிறார். சைக்கிள் 20, 25 இல் வருகிறது. குழந்தை திடீரென ஓடும். முதியவருக்குப் பின்னால் அடிக்கும் மணி கேட்காது. கூட்டம் குறைவாக இருக்கும்வரை எல்லோரும் ஒரே பாதையில் சமாளிக்கலாம். கூட்டம் கூடினால் முடியாது. அகலம் கூட்டுவது உதவும், பிரிப்பதே தீர்வு.

பிரிப்பதற்கு நல்ல உதாரணம் நகரின் கிழக்கே ‘பீச்சஸ்’ பகுதியில் இருக்கிறது. சுமார் 3 கிலோமீற்றர் நீளத்துக்கு, நீருக்கு அருகே நடப்பவர்களுக்கு மரப்பலகைப் பாதை. அதற்குப் பின்னால், புல்லும் மரமும் இடைவெளியாக இருக்க, சைக்கிளுக்குத் தார்ப் பாதை. கோடு கீறியோ அறிவித்தல் பலகை வைத்தோ மக்களைப் பிரிக்கவில்லை. தரையே வேறுபடுவதால் எது எவருக்கு என்று காலுக்கும் சக்கரத்துக்கும் தானாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக, நகர நடுவில் குயின்ஸ் கீ வீதியில் பல ஆண்டுகளாகப் பாதையே இருக்கவில்லை. இரு பக்கமிருந்தும் வரும் ஏரிக்கரைப் பாதை அங்கே வந்ததும் அறுந்துபோகும். சைக்கிளில் வருபவர் கார்களுக்கும் ட்ராம் தண்டவாளத்துக்கும் இடையில் ஓட வேண்டும். 2006 இல் வடிவமைப்புப் போட்டி ஒன்று வைத்து நெதர்லாந்து நிறுவனம் ஒன்றையும் உள்ளூர் நிறுவனம் ஒன்றையும் தெரிவு செய்தார்கள். அவர்களின் யோசனை: நான்கு கார் வழிகளை இரண்டாகக் குறைப்பது, தண்டவாளத்துக்குத் தெற்கே இருக்கும் இடம் முழுவதையும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கொடுப்பது.

கடைக்காரர்களும் கார் ஓட்டிகளும் பயந்தார்கள். அப்போது செய்யப்பட்ட ஒரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2006 ஓகஸ்டில் பத்து நாட்களுக்கு அந்த வீதியின் ஒரு பக்கத்தைத் தற்காலிகமாக மூடி, புல் விரித்து, பூச்செடிகள் வைத்து, சைக்கிள் பாதை போட்டுக் காட்டினார்கள். வரைபடத்தில் விளங்காததை மக்கள் கால்களால் விளங்கிக்கொண்டார்கள். இருந்தும் நிரந்தர வேலை 2012 இல்தான் தொடங்கியது. நிலத்தைத் தோண்டியபோது பழைய குழாய்களும் கம்பிகளும் வரைபடங்களில் இல்லாத இடங்களில் கிடந்தன. காலம் இழுபட்டது, செலவு கூடியது. 2015 ஜூனில் சுமார் 129 மில்லியன் டொலர் செலவில் திறக்கப்பட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தரைக்குக் கீழே வடிகாலாகவும் மின்சாரமாகவும் இருக்கிறது.

திறந்த பிறகும் பிரச்சினைகள் முடியவில்லை. சைக்கிள் பாதையும் நடைபாதையும் சந்திக்கும் இடங்களில் எது எதுவென்று தெரியாமல் நடப்பவர்கள் சைக்கிளுக்குக் குறுக்கே நின்றார்கள். கார்கள் தவறுதலாகத் தண்டவாளத்தில் ஏறி, ட்ராம் சுரங்கத்துக்குள்ளேயே போய்ச் சிக்கின. ஒரு தடவை இரு தடவை அல்ல, பல தடவை. பின்னர் நிற அடையாளங்கள் போட்டார்கள், அறிவித்தல்கள் வைத்தார்கள், சுரங்க வாயிலில் தடுப்புக் கதவு அமைத்தார்கள். திறப்பு விழாவோடு ஒரு பாதை முடிந்துவிடுவதில்லை. மக்கள் அதை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்த்து, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். அதற்கென்று ஆளும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சில திருத்தங்கள் மிகப் பிந்தி வருகின்றன. 2017 மே மாதம், நகரின் மேற்கே லேக் ஷோர் பெருவீதியை ஒட்டிப் பாதை செல்லும் இடத்தில், சைக்கிள் ஓட்டிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தவறி வீதியில் விழுந்தான். வந்துகொண்டிருந்த கார் மோதி இறந்தான். பாதைக்கும் வேகமாகக் கார்கள் ஓடும் வீதிக்கும் இடையில் தடுப்பு எதுவும் இருக்கவில்லை. அந்த மரணத்துக்குப் பிறகே அங்கே தடுப்பு வைக்கப்பட்டது. அந்த இடத்தைக் கடக்கும்போது மாமா எதுவும் பேசவில்லை. வேலியை ஒரு தடவை கையால் அசைத்துப் பார்த்தார்.

யார் தீர்மானிக்கிறார்கள்?

பாதை ஒன்றுதான், ஆனால் அதன் சொந்தக்காரர்கள் பலர். ஒரு பகுதி நகரசபையின் பூங்காப் பிரிவுக்குரியது, இன்னொன்று போக்குவரத்துப் பிரிவுக்குரியது. கரையோரப் பாறைகளைப் பாதுகாப்பு அதிகாரசபை பார்க்கிறது. ஒன்ராறியோ பிளேஸ் என்ற பகுதி மாகாண அரசுக்குரியது. மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 2001 இல் ‘வோட்டர்ஃப்ரொன்ட் ரொறன்ரோ’ என்ற அமைப்பை உருவாக்கியதற்குக் காரணம், ஒருவர் கையெழுத்துக்காக மற்றவர் காத்திருந்தே ஆண்டுகள் கழிந்ததுதான். டொன் ஆறு ஏரியில் விழும் இடத்தைப் புதிதாக வெட்டி வெள்ளத்தைத் தடுக்கும் பெருந்திட்டத்துக்கு 2017 இல் மூன்று அரசுகளும் 1.25 பில்லியன் டொலரை ஒதுக்கின. பின்னர் செலவு கூடியது. அந்தப் புதிய ஆற்று முகத்தில் 2025 ஜூலையில் ‘பீடாசிகே’ பூங்கா திறக்கப்பட்டது. அந்த மண்ணின் பூர்வகுடிகளின் மொழிச் சொல் அது. புதிய பாதைகளும் அங்கே உள்ளன.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது சட்டத்தில் உள்ள ஒரு சிறு விதி. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் பற்றி ஒன்ராறியோ மாகாணம் 2005 இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் ஒழுங்குவிதிகளின்படி, பொதுப் பொழுதுபோக்குப் பாதை ஒன்றைப் புதிதாக அமைக்கும்போதோ பெருமளவில் மாற்றியமைக்கும்போதோ, நகரசபை முதலில் பொதுமக்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கலந்தாலோசிக்க வேண்டும். சரிவு எவ்வளவு, இளைப்பாறும் இடங்கள் எங்கே, சாய்தளம் எங்கே என்பதெல்லாம் அந்தக் கலந்துரையாடலில் பேசப்பட வேண்டும். நடைபாதை போன்ற வெளிவழிகளுக்கு 1.5 மீற்றர் தடையற்ற அகலம் வேண்டும். வடிகால் மூடியின் துளை 20 மில்லிமீற்றரைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. ஊன்றுகோலின் நுனி அதற்குள் இறங்கிவிடும் என்பதால்.

சட்டம் இருப்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால், ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று கேட்கும் உரிமை அங்கே தயவு அல்ல, எழுதப்பட்ட விதி. மாமாவைப் பொறுத்தவரை முன்பின் சரிவைவிடப் பக்கச் சரிவுதான் கடினம். மழைநீர் வடியப் பாதையை ஒரு பக்கம் சரித்துப் போடுவார்கள். கூடுதலாகச் சரிந்தால் செயற்கைக் கால் ஒவ்வொரு அடியிலும் வெளியே தள்ளும், மாலையில் இடுப்பு வலிக்கும். இதைப் பொறியியலாளர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நடப்பவரைக் கேட்டாலும் தெரிந்துகொள்ளலாம்.

யார் விடுபட்டார்கள்?

நம்மவர்கள் பெருமளவில் வாழ்வது நகரின் கிழக்கே ஸ்காபறோவில். வரைபடத்தில் பாதை அங்கேயும் போகிறது. நேரில் போனால் ஏரி தெரியாது. அங்கே கரை செங்குத்தான மண்மலை. சில இடங்களில் 90 மீற்றர் உயரம். பாதை மலைக்கு மேலே குடியிருப்பு வீதிகளின் வழியே, கார்களோடு கார்களாகப் போகிறது. கீழே நீருக்கு அருகே இறங்க இருக்கும் முக்கிய வழி பிரிம்லி வீதியின் செங்குத்தான தெற்கு முனை. நடைபாதையே இல்லாத அந்த இறக்கத்தில் குடும்பங்கள் தள்ளுவண்டிகளுடன் வீதியோரமாக நடப்பது நீண்டகாலமாகப் பேசப்படும் பிரச்சினை. பிளஃபர்ஸ் பூங்காவிலிருந்து கிழக்கே சுமார் 11 கிலோமீற்றருக்குக் கரையைப் பாதுகாத்து, தொடர்ச்சியான பாதை அமைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பிரிம்லி வீதிக்குத் தனியான பாதையும் அதில் ஒரு பகுதி. ஆனால், நகர நடுவில் செலவான வேகத்தில் அங்கே பணம் செலவாகவில்லை. மண்மலை அரிப்பு ஒரு காரணம், கரையில் கொட்டும் கல்லின் சூழல் பாதிப்பு இன்னொன்று. சுற்றுலாப் பயணிகள் வரும் இடத்துக்கும் குடியேறிய தொழிலாளர்கள் வாழும் இடத்துக்கும் உள்ள பழைய வித்தியாசமும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

மேற்கே வேறு விதமான இழப்பு. 1971 இல் திறக்கப்பட்ட ஒன்ராறியோ பிளேஸ் 2012 இல் மூடப்பட்ட பின்னரும் அதன் தீவுகள் மக்கள் இலவசமாக நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நீந்தவும் போகும் இடமாக இருந்தன. அதன் மேற்குத் தீவை தனியார் குளியல் விடுதி நிறுவனம் ஒன்றுக்கு 95 வருடக் குத்தகைக்கு மாகாண அரசு கொடுத்தது. 2023 இன் இறுதியில் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் அந்த இடத்தைச் சில வழமையான சட்டங்களிலிருந்து விலக்கியது. 2024 ஒக்ரோபரில் மரங்கள் வெட்டப்பட்டன. அந்த டிசம்பரில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் நிறுவனத்தைத் தெரிவு செய்த முறையைக் கடுமையாக விமர்சித்தார். பொதுநிலம் என்பது ஒரு தடவை வென்று வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல என்பதற்கு இது சாட்சி.

நமது கரைகளில்

2010 இல் நமது நாட்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு கொழும்பின் நீர்க்கரைகளில் நடைபாதைகள் வேகமாக உருவாகின. அவை அழகானவை, மாலையில் பலர் நடக்கிறார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. அதே 2010 மே மாதம்தான் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் அங்கே கிடைக்கும்: யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குயின்ஸ் கீ வீதிக்கு ஒன்பது வருடம் எடுத்ததற்கு அதிகாரிகளின் தாமதம் மட்டுமே காரணமல்ல. கேட்பதற்கும் நேரம் எடுத்தது.

வடக்கு கிழக்கில் நீர்க்கரைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பல கரைகள் வருடக்கணக்கில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தன. சில இன்னும் இருக்கின்றன. எனவே, ஒரு குளக்கட்டில் கல் பதித்துக் கதிரை போட்டால் அது ஒரு சிறு விடயம் அல்ல. 2021 டிசம்பரில் யாழ்ப்பாணம் ஆரியகுளம் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது அங்கே கூடிய சனத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால், அமைப்பதற்குப் பணம் கிடைப்பதைவிடப் பராமரிப்பதற்குப் பணம் கிடைப்பது கடினம். நன்கொடையாளர் பெயர்ப்பலகை திறப்பதற்கு வருவார்; ஐந்தாம் வருடம் வேர் தூக்கிய கல்லைத் திருத்த வரமாட்டார்.

உங்கள் ஊரில் அடுத்த நடைபாதைத் திட்டம் அறிவிக்கப்படும்போது கேட்கக்கூடிய கேள்விகள் இவை. மழைநீர் எங்கே வடியும்? சைக்கிளும் நடப்பவரும் எங்கே பிரிகிறார்கள்? வீதியை ஒட்டிப் போகும் இடத்தில் தடுப்பு உண்டா? கால் இழந்தவர், சக்கர நாற்காலியில் வருபவர், கண்பார்வையற்றவர் ஆகியோரில் ஒருவரையாவது கேட்டு வரைந்தார்களா? யுத்தம் முடிந்த நமது மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப்போக வேண்டியதில்லை, ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கரையில் வலை உணர்த்துபவரும் துணி துவைப்பவரும் எங்கே போவார்கள்? காணி யாருடையது? பராமரிப்புக்கு வருடாந்த பாதீட்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது?

இந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் எழுந்து கேட்கத் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மதிப்பீடு, ஒப்பந்தம், வரைபடம், பராமரிப்புச் செலவு ஆகியவற்றைப் பிரதேசசபையிடமோ மாநகரசபையிடமோ எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கல் பதிப்பதற்கு முன்னர் கேட்டால் திருத்துவது மலிவு.